அண்ணனின் நிறம்

எங்கள் தோட்டத்தில் மழை பிடித்தால் முதலில் நிறம் மாறுவது பீலித் தண்ணீர். மேலே ரப்பர் மலையில் ஓடும் ஓடையைக் குழாயில் மறித்து, நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பக்கத்தில் விழவிட்டிருந்தார்கள். குளிப்பதும் அங்கேதான், குடிக்க எடுப்பதும் அங்கேதான். மழை விடாமல் பெய்தால் அது செம்மண் கரைந்து சாயத் தண்ணீர் போல விழும். அப்புறம் லயத்தின் ஒற்றை அறை வீடுகளில், ஒவ்வொரு காம்பராவாக வயிற்றோட்டம் தொடங்கும். தெஹியோவிட்ட பக்கத்து மலைகளில் மழை அப்படி ஒன்றும் அபூர்வமில்லை என்பதால் எங்களுக்கு இது ஒரு செய்தியாகவே தெரிந்ததில்லை.

அண்ணனுக்கு மட்டும் தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் ஒரே காம்பராவில் இருந்தோம். அண்ணன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். கைத்திறமை உள்ளவர், ஆனால் சின்ன வயதிலிருந்தே வயிறு சரியில்லை. வெட்டிக்கொண்டிருக்கும்போதே வாளியை வைத்துவிட்டுப் பற்றைக்குள் ஓடுவார். கொண்டுவரும் பால் குறைந்தால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார், அதாவது பாதி நாள் சம்பளம். "நம்ம வீட்டுத் தரித்திரம் எங்கேயோ கெடக்குன்னு தேடாதீங்க, என் வயித்துக்குள்ளதான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவருக்கும் அண்ணிக்கும் முதலில் ஒரு பையன் பிறந்தான். நடக்கப் பழகிய வயதில், இப்படி ஒரு மழைக்காலத்தில், கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் தோட்டத்து லொறியிலேயே இறந்துவிட்டான். அன்றிலிருந்து அண்ணன் தண்ணீர் குடிக்கும்முன் தம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தாலும் பார்ப்பார். அதற்குள் யாரோ இருந்து தன்னைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்ப்பார்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் ஒரு நிறுவனம் வந்து, பூட்டிக் கிடந்த பழைய ரப்பர் ஸ்டோரைத் திறந்து துப்புரவாக்கியது. பொறுப்பாக வந்தவர் ஒரு சிங்களப் பெண், இன்ஜினியர். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். நான் உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டுச் சும்மா இருந்தேன், சிங்களமும் நன்றாக வரும். அதனால் மிஸ் சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்தது.

பிரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் இடத்தில், மிஸ் ஒரு மண்பானையைத் தூக்கிக் காட்டினார். களிமண்ணோடு மரத்தூள் கலந்து சுட்ட பானை. மரத்தூள் எரிந்துபோன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதன் உள்ளும் புறமும் வெள்ளி பூசுவார்களாம். வெள்ளியென்றால் கொலுசு செய்யும் வெள்ளிதான். ஆனால் உடைத்து உடைத்து, ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக வைக்கும் அளவுக்குச் சின்னதாக்கிய வெள்ளி. அவ்வளவு சின்னதானால் அதன் குணம் மாறிவிடும், கிருமி அதன் பக்கத்தில் பிழைக்காது என்றார். நானோ என்று அதற்குப் பெயர்.

"நான வத்துரவா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சிங்களத்தில் அது குளிக்கிற தண்ணீர். "குளிச்ச தண்ணியக் குடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு, வயிறு சரியானால் வேலை நாள் கூடும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பணம் கையில் நிற்கும், வறுமை தானாக இறங்கும், உலகத்தில் ஏழைகள் இருக்கிற பல இடங்களில் இதைச் செய்கிறார்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். பின்வரிசையில் அண்ணன் மட்டும் சிரிக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே பால் வெட்டை விட்டுவிட்டு ஸ்டோர் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

வெள்ளித் தண்ணீரைக் கலக்குவது என் வேலை. போத்தலில் வரும் சரக்கு கறுப்பாக, சாயம் போல இருக்கும். மிஸ் காட்டிக்கொடுத்த அளவில் தண்ணீர் விட்டுக் கலந்து கொடுப்பேன். அண்ணன் தூரிகையால் பானைக்குள் பூசுவார். கோயிலில் சாமிக்குக் காப்புப் பூசுகிறவர்கூட அவ்வளவு பக்குவமாகப் பூசமாட்டார். பூசிய பானையை ஒரு மூடி வாளிக்குள் இறக்கி, கீழே குழாய் வைத்துக் கொடுத்தோம். எல்லாக் காம்பராவுக்கும் ஒவ்வொன்று.

அந்த மழைக்கு லயம் அமைதியாக இருந்தது. ரப்பர் மரங்கள் காற்றில் அடித்துக்கொண்டன, பீலித் தண்ணீர் வழக்கம்போல நிறம் மாறியது, ஆனால் யாரும் ஓடவில்லை. காலையில் லய வாசல் வழியே நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்கும். பக்கத்துக் காம்பரா அக்கா, "பேச்சுக் கொடுக்காம யாரோ உள்ள உக்காந்து வேலை பாக்குற மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேட்டது. தண்ணீர் வாளியில் எத்தனை நாள் கிடந்தாலும் பாசி பிடிக்காது, வழுக்காது, நாற்றம் வராது. எதுவும் முளைக்காத தண்ணீர். அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

அண்ணன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. முகம் தெளிந்து, உடம்பு கொஞ்சம் போட்டார். அதே காலத்தில் அண்ணிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது, பெண்.

முதலில் மாறியது ஈறு. அண்ணன் சிரித்தபோது பல்லுக்கு மேலே பென்சிலால் கோடு இழுத்தது போலத் தெரிந்தது. வெற்றிலையாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு நகத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பிறை நீலமானது. சரக்குப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். கூடவே இருப்பவர்களுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

ஒரு மத்தியானம் பீலியில் அவர் சட்டையைக் கழற்றியபோது நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். நெஞ்சும் முதுகும் எங்களுக்கெல்லாம் உள்ள மாநிறம். கழுத்துப் பட்டி இருந்த இடத்துக்கு மேலே சாம்பல். முழங்கையிலிருந்து விரல் வரை சாம்பல். ஒருவருடைய உடம்பில் வேறொருவருடைய தலையையும் கைகளையும் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது. அவர் தலையைத் தண்ணீருக்குக் கொடுத்தார். நான் அந்த நிறம் கரைந்து ஓடும் என்று கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

"என்னா புள்ள, அப்படிப் பாக்குற?" என்றார்.

"வெயில்ல கறுத்துட்டீங்க" என்றேன். அது கறுப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

பெல்மதுளையில் கடை வைத்திருக்கும் அண்ணியின் அண்ணன், பிள்ளையைப் பார்க்க வந்தார். மாதக்கணக்கில் எங்களைப் பார்க்காதவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் ஒரு காலை நிலைப்படியில் வைத்தபடியே நின்றுவிட்டார். அண்ணன் எழுந்து, "வாங்க மச்சான்" என்றார். அவர் வரவில்லை. வாங்கிவந்த பிஸ்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணியை வெளியே கூப்பிட்டார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"மாப்ளைக்கு என்னா தங்கச்சி?"

"ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்காரு. இப்ப வயித்து வலிகூட இல்ல."

"என்கிட்ட மறைக்காத. அது உசுரோட இருக்குற மனுசன் நெறமா? பொணத்தக் குளிப்பாட்டி வெச்ச மாதிரி இருக்கு."

அண்ணி உள்ளே வந்தாள். விளக்கைப் பொருத்தவில்லை. அண்ணனின் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரே சமயத்தில் தெரிந்தது. குழந்தை அழுதது. யாரும் உடனே தூக்கவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு தோட்டம் முழுக்கப் போயிற்று. செய்வினை என்றார்கள். விஷம் குடித்த சிவன் மாதிரி ஏதோ இறங்கியிருக்கிறது என்று இரண்டு கிழவிகள் தூரத்தில் நின்று கும்பிட்டார்கள். அதுதான் அண்ணனை அதிகம் நோகடித்தது. கீழே நாட்டில், சிங்களக் கிராமத்தில், இறந்துபோன குடும்பத்து ஆள் போக மனமில்லாமல் வீட்டிலேயே திரியும் என்பார்கள். அதற்கு மள பெரேதயா என்று பேர். அங்கே கடை முதலாளி அண்ணனோடு நல்லபடியாகவே பேசினார், ஆனால் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், அண்ணன் மகளை விட வந்தால் மற்றக் குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தும். வீறிட்டு அழுதிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இளம் வயதுக்காரர். நகத்தைப் பார்த்தார், இமையை இழுத்து வெள்ளைவிழியைப் பார்த்தார், அதிலும் சாம்பல் படிந்திருந்தது. பிறகு என்ன வேலை என்று கேட்டார். நான் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அண்ணனிடம் தமிழிலேயே கேட்டார்.

"அதைக் குடிச்சீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒரு கரண்டி. தெனமும் காலையில" என்றார்.

"எவ்வளவு நாளா?"

"வேலைக்குச் சேந்ததுலேருந்து."

நோய் இல்லை, உயிருக்குப் பயமில்லை, வெள்ளி தோலுக்குள் போய்த் தங்கிவிட்டது, வெளிச்சம் படும் இடம்தான் அதிகம் மாறும், திரும்பப் பழைய நிறத்துக்கு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். எதற்கும் கொழும்பில் தோல் டாக்டரைப் பாருங்கள் என்று துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அண்ணன் யோசித்துத்தான் பேசினார்.

"பானைக்குப் பூசினா பானைக்குள்ள ஒண்ணும் அண்டாது. எனக்குள்ளயும் பூசிட்டா? இத்தன வீட்டுக்குக் காவல் நிக்கிற சாமான், என் வயித்துக்கு நிக்காதான்னு நெனச்சேன்." தன் வயிற்றைத் தட்டி, "நின்னுச்சே. பாத்தியில்ல" என்றார்.

கொழும்புக்குப் போனது வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். அவிசாவளை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றோம். ஒரு சின்ன வயது சிப்பாய் அண்ணனின் அடையாள அட்டையை வாங்கினான். அப்போது அட்டைப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை. அண்ணன் மாறிப்போன முகத்தோடு நிற்கிறார், படத்தில் இருப்பது பழைய ஆள், சந்தேகப்படப் போகிறான் என்று டாக்டர் கொடுத்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. இரண்டும் ஒரே நிறம். படத்திலிருந்த சாம்பல் முகம் அப்படியே இறங்கிவந்து ரோட்டில் நின்றது.

"மே ஒயாத?" என்றான். இது நீயா என்று.

"ஒவ் மாத்தயா" என்றார் அண்ணன்.

சிப்பாய் தன் கைக்குட்டையை நனைத்து அண்ணனின் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தான். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தான். அது வெள்ளையாக இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டான்.

"ரிதி பிவ்வா, மாத்தயா." வெள்ளி குடித்தேன், ஐயா.

அவன் அட்டையை நேரே நீட்டவில்லை. என்னிடம் கொடுத்தான். கைக்குட்டையை ரோட்டோரத்துச் சாக்கடைக் கானில் போட்டான். தமிழர்களான எங்களை அவ்வளவு சீக்கிரம் அதற்கு முன்னும் பின்னும் யாரும் விட்டதில்லை. பஸ்ஸில் நெரிசல் இருந்தும் அண்ணன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. நான் எழுந்துபோய் அதில் உட்கார்ந்தேன். தோல் டாக்டரும் கரவனெல்ல டாக்டர் சொன்னதையே சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது லயத்துக்குப் பின்னால் பானைகள் கிடந்தன. அண்ணன் வெள்ளி குடித்துத்தான் இப்படி ஆனார் என்று தெரிந்ததும் எல்லாரும் பானையைத் தூக்கி எறிந்திருந்தார்கள். ஒன்றில் கோழி படுத்திருந்தது. சொட்டுச் சத்தம் எங்கள் காம்பராவில் மட்டும் கேட்டது. மிஸ் வந்து பிரட்டுக்களத்தில் நின்று விளக்கினார். போத்தல் சரக்கு வேறு, பானைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளி வேறு, தண்ணீரில் வருவது இருக்கிறதா என்றுகூடத் தெரியாத அளவு என்றார். நான் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் சொன்னேன். அவர்கள் மிஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அண்ணன் ஒரு தம்ளர் பானைத் தண்ணீரை எல்லார் முன்னாலும் குடித்தார். அதற்கு மேல் கெடுதல் வேண்டியதில்லை. கூட்டம் கலைந்தது.

அண்ணி அடுத்த நாள் காலை, எல்லாரும் பீலியில் நிற்கும் நேரம் பார்த்து, இடுப்பில் மகளோடு வந்தாள். கையில் எங்கள் பானைத் தண்ணீர். பிள்ளை அப்போதுதான் தம்ளரில் குடிக்கப் பழகியிருந்தாள்.

"என் மூத்தவன் இந்தப் பீலித் தண்ணியிலதான் போனான்" என்றாள். "இவளுக்கு நான் இதத்தான் குடுக்கப் போறேன். வந்து வந்து பாத்துக்கங்க."

பிள்ளை கடகடவென்று குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

அவர்கள் வந்து வந்து பார்த்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் பெண்கள் எங்கள் வாசலில் நிற்பார்கள். பிள்ளையின் கையை எடுத்து, விரல்களை விரித்து, நகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பார்ப்பார்கள். பிறகு கையை விட்டுவிட்டுப் போவார்கள். மூடுபனியில் ஆள் வருவது தெரியாது, நிலைப்படியில் ஒரு கை நீளும், பிள்ளை பழகிப்போய்த் தன் விரல்களைத் தானே விரித்துக் காட்டும். அண்ணி அடுப்பங்கரையில் பல்லைக் கடித்துக்கொண்டு ரொட்டி தட்டுவாள். ராத்திரி தூங்க முடியவில்லை என்றாள் ஒருநாள். "நானும் இருட்டோட எந்திரிச்சு அதத்தான் பாக்குறேன் புள்ள. அவங்களுக்கு முந்தி."

பிள்ளையின் நகம் மாறவில்லை. ரோஜா நிறத்திலேயே இருந்தது. வயிறும் கெடவில்லை. அடுத்த மழையில் மற்ற லயக் குழந்தைகள் சுருண்டு படுத்தபோது இவள் வாசலில் ஓடினாள். முதலில் பக்கத்துக் காம்பரா அக்கா, கோழியை எழுப்பிவிட்டுத் தன் பானையைக் கழுவி எடுத்துப்போனாள். மற்றவர்கள் அவள் பின்னாலே. மறுபடி சொட்டுச் சத்தம் கதவு கதவாகத் திரும்பியது. அண்ணனிடம் மட்டும் யாரும் திரும்பவில்லை. ஸ்டோரில் அவர் பூசிய பானையை நான் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தால்தான் வாங்கினார்கள்.

அவருடைய மகளுக்கு அந்த நிறம்தான் அப்பா. மற்ற ஆண்கள் யாராவது தூக்கினால், அவர்களுடைய மாநிறக் கையைப் பார்த்து உதறி அழுவாள். சாம்பல் கைக்குப் போனால்தான் அடங்குவாள்.

சண்டை முடிந்த வருஷம் நிறுவனத்தின் பணமும் முடிந்தது. மிஸ் வந்து கணக்கு ஒப்படைத்து, மிச்சமிருந்த போத்தல்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பெட்டியை ஜீப்புக்குத் தூக்கிப்போனவர் அண்ணன்தான். மிஸ்ஸுக்குக் கண் கலங்கியிருந்தது. அண்ணன் பால் வெட்டுக்குத் திரும்பினார். அதிகாலைப் பனியில், மரத்துக்கு மரம் அவர் நகர்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால், பனியில் ஒரு துண்டுதான் நகர்கிறது என்று நினைக்கத் தோன்றும். மற்றவர்கள் அவர் வரிசையை விட்டு இரண்டு வரிசை தள்ளியே வெட்டினார்கள்.

மண்பானை எத்தனை நாளைக்கு வரும்? கழுவும்போது ஒன்று, பிள்ளைகள் தட்டி ஒன்று என்று உடைந்தது. புதிதாகச் செய்ய ஆளில்லை. அந்த வருஷக் கடைசி மழைக்கு லயத்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை, எங்களுடையதும் விரிசல். மழை நிற்காமல் பெய்தது. கரண்ட் இல்லை. ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. அண்ணி வயிற்றோட்டத்தில் விழுந்தாள், நான் விழுந்தேன், பிறகு லயமே படுக்கையில் விழுந்தது. எழுந்து நின்றது அண்ணன் மட்டும். அது வெள்ளியாலா, பையன் போனதிலிருந்து அவருக்கு வந்த எச்சரிக்கையாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் ரப்பர் விறகு பிளந்து, எங்கள் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பும் சீனியும் போட்டு, கேத்தலை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனார். பக்கத்துக் காம்பரா அக்கா எழுந்து உட்கார்ந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதை எனக்குச் சொன்னாள்.

"பகல்தான், ஆனா இருட்டிக் கெடந்துச்சு. காய்ச்சல் வேற. கதவத் தள்ளிக்கிட்டு சாம்ப நெறத்துல ஒரு ஆளு நிக்கிது. சரி, எமன் வந்துட்டாருன்னு நெனச்சேன் புள்ள. பயமேயில்ல. புள்ளைய யாரு பாப்பாங்கன்னு மட்டுந்தான் யோசிச்சேன். 'வர்றேன், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்'னு கேட்டேன். 'அதுக்குத்தானே வந்திருக்கேன்'னுச்சு. தலையத் தூக்கிப் பிடிச்சு ஊத்துச்சு. அந்தக் கை சூடா இருந்துச்சு. அப்பத்தான் உங்க அண்ணன்னே தெரியும்."

அவள் சொன்னதை அன்று மத்தியானமே அண்ணனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் மழையில் நனைந்த விறகை அடுப்பைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒன்னால எந்திரிக்க முடியுமா?" என்றார். "முடிஞ்சா கேத்தல நெரப்பு. கடைசி ரெண்டு காம்பராவுக்கு இன்னும் போகல."